கிடாருக்கு எண்ணெய் வெச்சவ

உக்காரு அம்மிணி, உக்காரு. சீட்டு காலியாத்தான் கெடக்குது. இதை நான் மடியில வெச்சுக்கறேன். மேல வெக்கமாட்டேன், கண்டக்டர் தம்பிகிட்டயும் சொல்லிட்டேன். மேல வெச்சா வளைவுக்கு வளைவு அக்கட்டாலயும் இக்கட்டாலயும் உருளும். கிடார்தான் கண்ணு. என்னது, நான் வாசிப்பனாவா? அட ஏங்கண்ணு! போன மாசம் வரைக்கும் இதை எந்தப் பக்கம் புடிக்கோணும்னே எனக்குத் தெரியாது.

இது இன்னொருத்தரோடது. குன்னூர்ல கொண்டுபோய்த் திருப்பிக் குடுக்கப் போறேன். குடுத்துட்டு, மூஞ்சிக்கு நேரா ‘முடியாதுங்க’ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு, ரெண்டு மணி பஸ்ஸைப் புடிச்சு மேட்டுப்பாளையம் திரும்பிருவேன். என்ன முடியாதா? கல்யாணம்தான். எனக்குத்தான் கண்ணு, வேற யாருக்கு? சிரிக்கற பாரு! சிரி சிரி, எனக்கே நெனைச்சா சிரிப்பாத்தான் வருது. நாப்பத்தேழு வயசாகுது. மகன் ஓசூர்ல வேலையில இருக்கறான். அவன்கிட்டச் சொன்னா, ‘உன் இஷ்டம்மா, எனக்கு சந்தோசம்’ங்கறான். நான் என்னமோ சம்மதிச்சுட்ட மாதிரி!

இந்தப் பொடவையா? புதுசுதான். முடியாதுன்னு சொல்லப் போனாலும் ஒரு மரியாதையாப் போகோணுமில்ல. பூவும் அதுக்குத்தான். நாலு மணிக்கு எந்திரிச்சுக் கட்டினேன்.

எண்ணெய் வாசம் அடிக்குதா? கிடார்ல இருந்து வராது, அது இப்ப சுத்தம். என்ர மேலதான் வரும். நான் எண்ணெய்க்காரி. வசந்தாமணின்னு மேட்டுப்பாளையத்துல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. தேங்காயெண்ணெயில கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வெட்டிவேரு, கருவேப்பிலை எல்லாம் போட்டு இரும்புச் சட்டியில காய்ச்சுவேன். இருபத்திரண்டு வருசம். காரமடை வரைக்கும் கடை கடையாப் போகுது. முடி கொட்டுதா, என்ர எண்ணெய். தூக்கம் வல்லையா, என்ர எண்ணெய். கதவு கிறீச்சுங்குதா, அதுக்கும் என்ர எண்ணெய்தான். உன்ர முடி நுனியில வெடிச்சிருக்குது, கோவிச்சுக்காத, தொழில் புத்தி, கண்ணு அங்கதான் போகுது. எறங்கறப்ப ஒரு பாட்டில் தாறேன்.

இந்தப் பெருமைதான் என்னைக் கவுத்துருச்சு, கேளு.

என்ர வீட்டு மாடியில ஒரு ரூமு. அதுல குடியிருக்கறவரு எபனேசர் வாத்தியாரு. பள்ளிக்கொடத்துல பாட்டு சொல்லிக் குடுக்கறாரு, ஞாயித்துக்கெழமை சபையில பாட்டுக் குழுவுக்கு கிடார் வாசிக்கறாரு. பொறந்தது வளந்தது எல்லாம் குன்னூரு. என்னை விட ரெண்டு வயசு பெரியவரு. கல்யாணம் பண்ணிக்கல. ஏனுங்கன்னு கேட்டா, ‘நேரம் அமையலீங்க’ம்பாரு, என்னமோ பஸ்ஸை விட்டுட்டு நிக்கற மாதிரி. வந்த புதுசுல என்னை ‘அக்கா’ன்னுதான் கூப்புட்டாரு. எனக்கு அது நெம்பப் புடிக்கல, என்னை விடப் பெரிய ஆளு, மீசையெல்லாம் நரைச்சுக் கெடக்குது, அக்காங்கறாரு. அப்பறம் ஒரு நாளு திடீர்னு அந்த அக்கா நின்னுபோச்சு. ‘ஏனுங்க’ன்னு ஆரம்பிச்சாரு. ‘ஏனுங்க, தண்ணி வருதுங்களா?’ ‘ஏனுங்க, மழை வர்ற மாதிரி இருக்குதுங்க, துணி காயுது.’ மரியாதை கொறஞ்சுபோச்சுன்னு நான் நெனச்சேன். வேற என்ன நெனைக்கறது?

மதத்தைப் பத்தி நீ கேக்கல, ஆனாலும் சொல்லிர்றேன். நான் ஆடி மாசம் கோயில்ல குண்டம் எறங்கி நெருப்பு மிதிக்கறவ, அவரு சபைக்குப் போறவரு. அதுல ஒண்ணும் தகராறு வராது. போன ஆடியில நான் குண்டம் எறங்குனப்ப அக்கட்டாலப் பக்கம் தண்ணிக் கொடத்தோட நின்னுட்டு இருந்தாரு, காலுக்கு ஊத்தறதுக்கு. சும்மா பக்கத்துல வேலையா வந்தேன்னாரு. கொடத்தோடயா வேலைக்கு வருவாங்க? என்னமோ.

கல்லாறு தாண்டியாச்சா? இனித்தான் வளைவு. குமட்டுனா சொல்லு, எலுமிச்சம்பழம் வெச்சிருக்கறேன்.

எங்க விட்டேன்? ஆங், கிடாரு. நவம்பர் கடைசியில அவருக்குச் சென்னையில சொந்தக்காரங்க கல்யாணம். மாடியில எலித் தொந்தரவு, பொட்டியக் கடிச்சுருமுன்னு கிடாரைக் கொண்டாந்து என்ர வீட்டுல வெச்சாரு. வெச்சுட்டு, ‘பொட்டியைத் தெறக்க வேண்டாங்க’ன்னு சொல்லிட்டுப் போனாரு. அதை மட்டும் சொல்லாம இருந்திருந்தா நான் ஏன் தெறக்கறேன்?

தெறந்து பாத்தேன் அம்மிணி. இதா, கழுத்துல வெரல் வெக்கிற பலகை இருக்குது பாரு, குறுக்க குறுக்க கம்பி பதிச்சு, கட்டம் கட்டமா. அந்தக் கம்பி ஓரமெல்லாம் கறுகறுன்னு அழுக்கு. வெரல் வேர்வையும் தோலுமாச் சேந்து படிஞ்சு கெட்டியாயிருக்குது. மரம் என்னடான்னா வறண்டுபோய் வெளுத்துக் கெடக்குது. ஓரத்துல முடி மாதிரி மெல்லிசா வெடிப்பு. எண்ணெயே காணாத தலை! இருபத்திரண்டு வருசமா எண்ணெய் காய்ச்சறவ வீட்டு மாடியில இப்படி ஒரு பலகை இருக்கலாமா? ஊர்ல நாலு பேருக்குத் தெரிஞ்சா என்னைப் பத்தி என்ன பேசுவாங்க? பொட்டிக்குள்ள ஒரு மூலையில சின்னதா ஒரு பாட்டில் கெடந்துச்சு, இதுக்குன்னே விக்கிற எண்ணெயாம், என்ர கட்டவெரல் உசரம். மோந்து பாத்தேன். தண்ணி மாதிரி இருக்குது. இதையெல்லாம் ஒரு எண்ணெய்ன்னு வெச்சிருக்கறாரு பாவம்னு ஓரமா வெச்சுட்டேன்.

சீயக்காய் போடலை. நான் என்ன பைத்தியமா? மரத்துல தண்ணி படக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? கடலைமாவுதான் போட்டேன். வறட்டு மாவு. மேல வாசிக்கற ஆறு கம்பியையும் கழட்டி, ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு தீப்பெட்டியில சுத்தி, ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டு வெச்சேன், அந்த வெவரமெல்லாம் எனக்கு உண்டு. மாவைத் தூவி, பழைய டூத் பிரஷ்ஷை வெச்சு அரை நாள் தேச்சேன். அழுக்கு உருண்டை உருண்டையா வந்துச்சு. எனக்கு அப்படி ஒரு சந்தோசம்! அப்பறம் எண்ணெய். ஒரு கரண்டி. என்ன முழிக்கற? கொழம்புக் கரண்டி இல்ல, தாளிக்கற கரண்டிதான். சூடு பண்ணி, கை நெறைய ஊத்தி, மேல இருந்து கீழ வரைக்கும் நீவிவிட்டேன். கொழந்தைக்குத் தேச்சுவிடுவோமில்ல, அப்படி. மரம் குடிச்சுச்சு அம்மிணி! ஊத்த ஊத்தக் குடிச்சுச்சு. கறுப்பா, மினுமினுன்னு ஆயிருச்சு. பொறகு கயித்துக் கட்டில்ல போட்டு எளவெயில்ல ஊற வெச்சுட்டேன்.

அப்பப் பாத்து மனுசன் ஒரு நாளு முன்னாடியே திரும்பி வந்துட்டாரு. கேட்டைத் தெறந்துட்டு உள்ள வந்தவரு அப்படியே நின்னுட்டாரு. கட்டில்ல கிடாரு, கம்பியில்லாம, எண்ணெய் சொட்டச் சொட்ட, பக்கத்துல எறும்பு வரிசை, மாவுக்கு வந்தது. ‘சித்த இருங்க, இன்னும் ஊறோணும்’னேன். அவரு என்னைப் பாத்தாரு, கிடாரைப் பாத்தாரு, திரும்ப என்னைப் பாத்தாரு. ‘ஊறட்டுங்க’ன்னாரு. சொல்லிட்டுப் பக்கத்துல படிக்கட்டுல உக்காந்துட்டாரு. ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் அது ஊறறதையே பாத்துட்டு உக்காந்திருந்தோம். அப்படி ஒரு மணி நேரம் என்ர வாழ்க்கையில வந்ததில்ல. அது சும்மா சொல்றேன், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

பொறகு கம்பியெல்லாம் மாட்டி வாசிச்சுப் பாத்தாரு. நான் எதுக்க நின்னுட்டு, ‘எப்படி இருக்குதுங்க?’ன்னேன். ‘நல்லா இருக்குங்க’ன்னாரு. இதை ஞாபகம் வெச்சுக்க அம்மிணி. நல்லா இருக்குங்கன்னு சொன்னாரு. பொய்யி! பச்சைப் பொய்யி! அதுதான் என்ர வழக்கே.

ஏன்னா, நான் வாழ்ந்தது ஒரு நேர்மையான மனுசனோட. என்ர வீட்டுக்காரரு போயிப் பதினோரு வருசமாச்சு. பொய்யின்னா என்னன்னே தெரியாது அவருக்கு. மனசுல பட்டதை அப்படியே சொல்லிருவாரு. கொழம்பு சரியில்லைன்னா ஒரு வாய் வெச்சதும் தட்டை நகத்தி வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவாரு. புதுப் பொடவை கட்டிட்டு வந்து நின்னா, ‘உனக்கெதுக்கு இந்தக் கலரு’ன்னு கேப்பாரு. எண்ணெய் யாவாரம் ஆரம்பிச்சப்ப, ‘இதை எவன் வாங்குவான்’னாரு. அப்படி ஒரு நேர்மை. பத்தொம்பது வருசத்துல நல்லா இருக்குதுன்னு ஒரு தடவைகூடச் சொன்னதில்ல. நல்லா இருந்திருந்தா சொல்லியிருப்பாரில்ல? அப்படிப்பட்ட மனுசனோட இருந்துட்டு, இப்படி வாய் கூசாமப் பொய் சொல்றவரோட நான் எப்படி இருக்கறது? நீயே சொல்லு.

இது பர்லியாறு. டீ குடிக்கறியா? எறங்கினா பஸ்ஸு போயிரும், ஜன்னல்லயே வாங்கிக்கலாம். இந்தாப்பா, ரெண்டு டீ, ஒண்ணுல சர்க்கரை கம்மி! காசு நான் குடுக்கறேன், நீ உள்ள வெய்யி. கிடார் மேல சிந்திராத கண்ணு.

சரி, அடுத்த பொய்யைக் கேளு. டிசம்பர் மூணாவது சனிக்கெழமை குன்னூர்ல பாட்டுப் போட்டி. ஒம்பது சபைப் பாட்டுக் குழு வந்து பாடறாங்க. பகல் பதினோரு மணிக்கு. வாத்தியாரு குழுவுல எட்டுப் பேரு பாடறாங்க, வாத்தியம்னு இந்தக் கிடார் ஒண்ணுதான். ‘நீங்களும் வாங்க’ன்னு கூப்புட்டாரு. நான் எதுக்குங்கன்னேன். ‘சும்மா, ஊரைப் பாத்த மாதிரி இருக்கும்’னாரு. நாப்பத்தேழு வருசமா அடிவாரத்துல இருக்கறவளுக்குக் குன்னூரைக் காட்டறாராம்! சரின்னு போனேன். வெடியால வேன் வந்து நிக்குது. கிடாரைப் பாத்தேன், ஓரத்துல சித்த மினுக்கம் கம்மியாத் தெரிஞ்சுது. போட்டோவெல்லாம் எடுப்பாங்களேன்னு பாட்டிலைக் கொண்டாந்து இன்னொரு கை வெச்சு விட்டேன். நல்லாவே வெச்சேன். அவரு பக்கத்துலயே நின்னு பாத்துட்டு இருந்தாரு. அப்பவும், ‘நல்லா இருக்குங்க’!

வேன்ல அவரு பண்ணுன கூத்தைக் கேளு. எல்லாரும் சீட்டுல உக்காந்தா, இவரு முன்னாடி டிரைவர் பக்கத்துல, இன்ஜின் மூடி இருக்குமில்ல, கொதிக்குமே, அது மேல போயி கிடாரோட உக்காந்துட்டாரு. சுடுதுங்க வாங்கன்னா, வேண்டாங்க, எனக்கு இங்கதான் வசதீங்கறாரு. ஜன்னலையெல்லாம் சாத்தச் சொல்லிட்டாரு. எட்டுப் பேருக்கும் வேர்த்துக் கொட்டுது. மண்டபத்துக்குப் போனா எங்க முறை ஏழாவது. ஒரு மணி நேரம் காத்திருக்கோணும். குளிருன்னா குளிரு, பல்லுக் கட்டுது. இவரு போட்டிருந்த ஜெர்க்கினைக் கழட்டி கிடாருக்குப் போத்திட்டு, வெறும் சட்டையோட வெடவெடன்னு நடுங்கிட்டு உக்காந்திருக்கறாரு. பைத்தியமான்னு நெனச்சேன். இப்படிப்பட்ட ஆளோட குடித்தனம் பண்ண முடியுமா, நீயே சொல்லு.

கூப்புட்டாங்க. மேடை ஏறினாங்க. நான் ரெண்டாவது வரிசை. முன்னாடி வரிசையில அவரு அக்கா, சித்தப்பா, பெரியப்பா மக்கள்னு குன்னூரே உக்காந்திருக்குது. மொத வரி நல்லாத்தான் போச்சு. ரெண்டாவது வரியில வெரலை மாத்தி வெக்கறாரு, வெரலு நிக்கல! சர்ருன்னு வழுக்கிட்டு அடுத்த கட்டத்துக்குப் போயிருச்சு. பாட்டு மேக்க போகுது, கிடார் கெழக்க போகுது. வெரலைப் பேண்ட்டுல தொடைக்கறாரு, கறுப்புப் பேண்ட்டுல வெள்ளையா ஒரு கோடு விழுகுது. பின்னாடி யாரோ களுக்குன்னு சிரிச்சுட்டாங்க. நான் எட்டிப் பாத்தேன்.

வெண்ணெய் அம்மிணி! பலகை முழுக்க வெண்ணெய் தடவுன மாதிரி வெள்ளையா உறைஞ்சு கெடக்குது! கம்பி கம்பியா, ஓரம் ஓரமா. என்ர எண்ணெய்!

சிரிக்காத, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? மார்கழியில பாட்டில்ல எண்ணெய் உறையும், வெயில்ல வெச்சுத்தான் விப்பேன். அதெல்லாம் தெரியும். ஆனா தேச்ச பொறகு உறைஞ்சு நான் பாத்ததே இல்ல. எப்படிப் பாப்பேன்? இருபத்திரண்டு வருசமா நான் எண்ணெய் வெச்சதெல்லாம் தலை. தலை சூடா இருக்கும். எந்தத் தலையிலயாவது எண்ணெய் உறையுமா? மரத்துக்குச் சூடு இல்லைன்னு எனக்குத் தோணவே இல்ல. என்ர கையில இருந்தப்ப அது கதகதன்னுதான் இருந்துச்சு.

எப்படி மேடை ஏறினேன்னு தெரியாது. செருப்பை விட்டுட்டு ஓடினேன். நேராப் போயி, அவரு கழுத்தை… கிடார் கழுத்தை ரெண்டு கையிலயும் இறுக்கிப் புடிச்சுட்டேன். உள்ளங்கைச் சூட்டுல உருகுது, முந்தானையில தொடைக்கறேன், உருகுது, தொடைக்கறேன். நூறு ரெண்டு நூறு பேரு பாக்கறாங்க. எட்டுப் பேரும் நல்லவங்க, வாத்தியம் இல்லாமயே அந்த ரெண்டு வரியைத் திருப்பித் திருப்பி மெதுவாப் பாடிட்டே நிக்கறாங்க. அவரு குனிஞ்சு காதுகிட்ட, ‘மூணாவது கட்டத்துல இன்னும் இருக்குங்க’ன்னாரு. ‘தெரியுது, சும்மா இருங்க’ன்னேன். அவரு தோளு குலுங்குது. பாத்தா சிரிக்கறாரு. ஊரே பாக்குது, மானம் போகுது, இந்த மனுசன் சிரிக்கறாரு! எனக்கும் சிரிப்பு வந்துருச்சு அம்மிணி. அடக்க அடக்க வருது. சிரிச்சுட்டே தொடைச்சு முடிச்சேன். வெரலை வெச்சாரு, ஒரு தட்டு தட்டினாரு. நின்னுச்சு! வெரலு நின்னுச்சு! மண்டபமே கை தட்டுச்சு. எனக்கு எறங்கத் தோணல, எண்ணெய்க் கையைத் தூக்கிட்டே ஓரமா நின்னுட்டேன். கடைசி வரைக்கும் நானும் கை தட்டிட்டே பாடினேன். பாட்டு எனக்குத் தெரியாது.

ஆறுதல் பரிசு கெடைச்சுது. எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

வெளிய படிக்கட்டுல வெச்சுத்தான் கேட்டேன். ‘அன்னைக்கே வழுக்குச்சுங்களா?’ ‘வழுக்குச்சுங்க.’ ‘அப்பறம் ஏன் நல்லா இருக்குன்னீங்க?’ ‘நல்லாத்தான் இருந்துச்சுங்க.’ எப்படி இருக்குது பாரு பேச்சு! எனக்குக் கோவம் தலைக்கேறி நிக்கறேன், அப்பப் பாத்துக் கிடாரை என்ர கையில குடுத்தாரு. ‘லீவுக்கு நான் அக்கா வீட்டுலயே இருந்துக்கறேங்க. இதை நீங்க கொண்டுபோயி சுத்தம் பண்ணி எடுத்துட்டு வாங்க. வர்றப்ப, என்னைக் கட்டிக்கறதுக்குச் சம்மதமான்னு சொல்லிருங்க. அவசரமில்லீங்க.’ அவ்வளவுதான். டிபன் பாக்ஸ் கை தவறிப் படிக்கட்டுல டங்கு டங்குன்னு கீழ வரைக்கும் போச்சு.

வேன்ல வர்றப்பவே முடிவு பண்ணிட்டேன். முடியாது. பொய் சொல்ற ஆளு வேண்டாம். ஆனா கிடாரு ஒரு பொறுப்பு. என்ர கையால கெட்டது, என்ர கையாலதான் சரியாகோணும். கோயமுத்தூர்ல ஒரு வாத்தியக் கடைக்குப் போனேன். கடைக்காரரு பொட்டியைத் தெறந்தாரு, மோந்தாரு, ‘யார் தலைங்க இது?’ன்னாரு. அப்பறம் நெம்பப் பொறுமையாச் சொல்லிக் குடுத்தாரு. கம்பியைக் கழட்டோணும். குறுக்குக் கம்பி மேலயெல்லாம் காகித டேப்பு ஒட்டிக்கோணும். பழைய பனியன் துணியில, காஞ்ச துணியில, மரத்துல இழை ஓடற வாக்குலயே தொடைக்கோணும். ஓரத்து அழுக்குக்கு ஈர்க்குச்சி, கத்தி கித்தி ஆகாது. அப்பறம் அந்தச் சின்ன பாட்டில் இருந்துச்சு பாரு, நான் ஓரமா வெச்சனே, அதேதான், அதுல மூணே மூணு சொட்டு. அஞ்சு நிமிசம். பொறகு அத்தனையும் தொடச்சு எடுத்துரோணும், கையில ஒட்டக்கூடாது. ‘வருசத்துக்கு ரெண்டு தடவை போதுங்க’ன்னாரு. மூணு சொட்டு! நான் ஒரு கரண்டி!

ஒரு மணி நேர வேலைதான்னு சொன்னாரு. எனக்கு ஒம்பது நாளாச்சு. ஒரு நாளைக்கு ரெண்டு கட்டம். அவசரப்பட்டா மரம் கெட்டுப்போயிருமில்ல. என்ர எண்ணெய் வெடிப்புக்குள்ள எல்லாம் போயி உக்காந்திருந்துச்சு, துணியை வெச்சு ஒத்தி ஒத்தி எடுத்தேன். எல்லாம் எடுத்த பொறகுதான் ஒண்ணு பாத்தேன். மொத மூணு கட்டத்துல, கம்பிக்கு அடியில, மரத்துல சின்னச் சின்னதாக் குழி. இருபத்தஞ்சு வருசம் அவரு வெரல் வெச்சு வெச்சுத் தேஞ்ச எடம். ஒவ்வொரு குழியிலயும் என்ர வெரலை வெச்சுப் பாத்தேன். அழுக்கு இருக்குதான்னு பாக்கத்தான். தினமும் பாத்தேன். அழுக்குங்கறது தெரியாம சேரும் கண்ணு.

இப்ப லீவு முடிஞ்சுது. நாளான்னிக்குப் பள்ளிக்கொடம் தெறக்குது. ‘கிடார் ரெடி, பத்தரை பஸ்ல வாறேன்’னு போன் பண்ணிட்டேன். பதிலைப் பத்தி அவரும் கேக்கல, நானும் சொல்லல. நேர்ல முடியாதுங்கன்னு சொல்லிருவேன். கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன், நல்லாவே வருது. அதுவும் போக, அறிவுன்னு ஒண்ணு வேணுமில்ல? குன்னூர்லயே பொறந்து வளந்த மனுசன், நான் வேன் கெளம்பறப்ப தேங்காயெண்ணெயைத் தேய்க்கறேன், பக்கத்துல நின்னு பாக்கறாரு, மேல போனா உறையும்னு தெரிஞ்சுக்க வேண்டாம்? இவ்வளவு அசடா ஒரு ஆளு…

ஏன் அப்படிப் பாக்கற?

என்ன கேட்ட? திரும்பச் சொல்லு.

குன்னூர்க்காரருக்கு அது தெரியாமயா இருந்திருக்கும்னா?

தெரியாது கண்ணு. தெரிஞ்சிருந்தா தொடைச்சிருப்பாரே. ஒரு துணியை எடுத்து ஒரு இழுப்பு, அவ்வளவுதானே வேலை. வேன்லயே தொடைச்சிருக்கலாம். நான் பின்னாடி சீட்டுலதானே… நான் பின்னாடி சீட்டுல உக்காந்து கிடாரைத்தான் பாத்துட்டு இருந்தேன். ஒரு நிமிசம் கண்ணை எடுக்கல. தொடைச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். என்ர எண்ணெயை, என்ர கண்ணு முன்னாடி…

அந்த இன்ஜின் மூடி மேல உக்காந்தது. ஜன்னலைச் சாத்தச் சொன்னது. ஜெர்க்கின். அட சாமி.

உறையாம காப்பாத்திரலாம்னு பாத்திருக்கறாரு. அக்கா, சித்தப்பா, சொந்த பந்தம் அத்தனை பேரு முன்னாடி வெரலு வழுக்கும்னு தெரிஞ்சே மேடை ஏறியிருக்கறாரு. ‘ஏனுங்க, இது உறைஞ்சுருங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுது. சொல்லல. சொன்னா நான் வாடிப்போயிருவேன்னு சொல்லல. என்ர வீட்டுக்காரரா இருந்தா கிடாரைத் தூக்கி… தட்டை நகத்தற மாதிரி… பத்தொம்பது வருசம் அந்தத் தட்டு நகர்ற சத்தத்தை நேர்மைன்னு நெனச்சுட்டு இருந்திருக்கறேன் பாரு. தினமும் மனசு பொக்குன்னு போகும். போனாலும் உள்ளதைத்தானே சொல்றாருன்னு தண்ணியக் குடிச்சுட்டுப் படுத்துக்குவேன்.

ஒண்ணுமில்ல கண்ணு, கண்ணுல தூசி. இல்ல, தூசியெல்லாம் இல்ல, அழுகறேன். சந்தோசமாத்தான் அழுகறேன். நீ யாரு பெத்த புள்ளையோ, இத்தனை நாளு எனக்கு வராத புத்தி உனக்கு ஒரு டீ குடிக்கற நேரத்துல வந்துருச்சு. காட்டேரி தாண்டிருச்சா? அதுக்குள்ளயா? ஐயோ, இப்ப நான் என்ன சொல்றது? முடியாதுன்னு சொல்லித்தானே பழகி வெச்சிருக்கறேன்! இன்னொண்ணு பழகவே இல்லையே! பூவு சரியா இருக்குதா? பொடவை கசங்கிருச்சா? இந்தக் கலரு எனக்கு எப்படி இருக்குது, உள்ளதைச் சொல்லு. இல்ல இல்ல, உள்ளதைச் சொல்லாத, நல்லா இருக்குதுன்னு சொல்லு!

அம்மிணி, அக்கட்டால பாரு. அந்தப் பேக்கரி வாசல்ல. மப்ளர் கட்டிட்டு ஒருத்தரு நிக்கறாரில்ல, ஒவ்வொரு பஸ்ஸா எட்டி எட்டிப் பாத்துட்டு? அவருதான். பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன்னு சொன்னவரு இங்க ரோட்டுலயே வந்து நிக்கறாரு. இந்தா, கிடாரை நீ சித்த புடி. எனக்கு ஜன்னலைத் தெறக்கோணும். இறுகிக் கெடக்குதே சனியன். ஆங், தெறந்துருச்சு.

ஏனுங்க! ஏனுங்க, இங்க! சரீங்! சரீங்கறேன்! என்னங்க முழிக்கறீங்க, கேக்கலீங்களா? சம்மதமுங்க!

கண்டக்டர் தம்பி, சிரிக்காத, விசில் அடி, விசில் அடி. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்னால இருக்க முடியாது.